ஆசிரியரான பின் மாணவரானவர்

(மாணவர் தமிழ்ப் பயிற்சி மன்றம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பழந்தமிழ் இலக்கியத்தின் உயர்வு பற்றி எழுதப்பெற்ற கட்டுரை ஒன்றை மாணவன் ஒருவன் படிப்பதாகக் கொள்க. தொகைநூல் எட்டு, பாட்டுப் பத்து, பாடல்கள் 2381, பெயர் தெரிந்த புலவர் 473 பேர் என்னும் கணக்கெல்லாம் அதில் இருக்கும். அவற்றின் தொன்மையும், அவற்றிலுள்ள அறமும், அவற்றுக்கு ஈடான நூல் பிறமொழிகளில் அரிது என்னும் பெருமிதமும் இருக்கும். படித்து முடித்தபின் அம்மாணவன் செய்வது என்ன? பெரும்பாலும் அக்கட்டுரையை மற்றொருவனிடம் சொல்கின்றான். அந்த மற்றொருவன் அதனை மேடையில் முழங்குகின்றான். கேட்டோர் கைதட்டுகின்றனர். அகநானூறு மட்டும் நூலகத்தில் இருந்த அடுக்கிலேயே, இருந்த தூசியோடேயே இருக்கின்றது.

2004-ஆம் ஆண்டு இந்திய நடுவணரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது. பரிதிமாற் கலைஞர் தமிழை உயர்தனிச் செம்மொழி என்று நிறுவிக் காட்டி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது. அதனைக் கொண்டாடியது தக்கதே. ஆனால் அவ்வறிவிப்பைக் கொண்டாடிய வாய்களுள் எத்தனை வாய்கள், எந்த நூல்களைக் கொண்டு அப்பெயர் கிடைத்ததோ அந்நூல்களுள் ஒன்றையேனும் முதலடி தொடங்கி இறுதியடி வரை படித்தன? இவ்வினா பகைவரை நோக்கியதன்று; இம்மன்றத்துள் அமர்ந்திருப்போரை நோக்கியது. தமிழைப் பழிப்பவன் சங்கநூலைப் படியாதிருத்தலில் வியப்பில்லை. அதனைப் போற்றுகின்றவனும் படியாதிருக்கின்றானே, அதுவன்றோ ஆராயத் தக்கது!

பழநூலின் உயர்வைக் கேட்டறிந்த மாணவனிடம் எழக்கூடிய மறுமொழி வேறொன்றும் உண்டு. அது பேச்சாக வெளிப்படாது. முதலில் நாணமாக உள்ளே இறங்கும். அத்தகைய நாணம் ஒருவர் உள்ளத்தில் இறங்கிய நாளும் இடமும் நமக்குத் தெளிவாகத் தெரியும். நாள், 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. இடம், குடந்தை. அவர், உ.வே. சாமிநாதர்.

அப்பொழுது அவருக்கு அகவை இருபத்தைந்து. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களிலேதான் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். அவரை அவ்விடத்தில் அமர்த்துவித்தவர், அங்கு முன்னர்த் தமிழ் கற்பித்துவந்த தியாகராசனார். திங்கள் ஊதியம் ஐம்பது உருபா. அந்நாளில் அது சிறிய தொகையன்று. அதற்கு முன்னர் 1871 முதல் 1876 வரை, அக்காலத்துப் புலவருள் தலைவராக விளங்கிய மீனாட்சிசுந்தரனாரிடம் பாடங் கேட்டவர் அவர். ஆசிரியர் மறைந்த பின் திருவாவடுதுறை மடத்திலே பயின்றவர், பயிற்றியவர். கல்லூரியிலும் மாணவர் அவரை விரும்பினர். இனிக் கற்க வேண்டுவது ஏதுமில்லை என்று எண்ணுதற்கு இத்துணைக் கரணியங்கள் போதாவா?

அந்நாளில் சேலம் இராமசாமி முதலியார் என்பவர், முன்சீப் எனப்பெறும் முறைமன்ற நடுவராக, அரியலூரிலிருந்து குடந்தைக்கு மாற்றலாகி வந்தார். ஆங்கிலக் கல்வி பெற்றவர், சட்டம் பயின்றவர், தமிழில் ஆழ்ந்த பற்றுடையவர். அவரைக் கண்டு பழகுதல் நன்று என்று திருவாவடுதுறைத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் கூறியிருந்தமையால் சாமிநாதர் அவர் இல்லத்துக்குச் சென்றார். சென்றவர் எதிர்பார்த்தது ஒன்று, நேர்ந்தது வேறொன்று. நடுவர் முகத்தில் பெரிய மலர்ச்சியில்லை. பெயர் என்ன, அலுவல் என்ன, யாரிடம் பயின்றது என்று வினவினார். மீனாட்சிசுந்தரனார் பெயர் அந்நாளில் எந்தக் கதவையும் திறக்க வல்லது. அங்கோ அது பெரிதாகத் திறக்கவில்லை. அடுத்து, என்னென்ன நூல்கள் படித்ததுண்டு என்னும் வினா வந்தது.

இந்த வினாவுக்குத்தான் இளம்புலவர் காத்திருந்தார். அந்தாதிகளை அடுக்கினார். பிள்ளைத்தமிழ்களை அடுக்கினார். கலம்பகம், கோவை, உலா, தூது என்று சிற்றிலக்கியங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. தலபுராணங்கள் வந்தன. கம்பர் வந்தார். இலக்கண நூல்கள் வந்தன. அந்நாளைய புலவர் எவரும் கேட்டு மருளத்தக்க நீண்ட பட்டியல் அது. எதிரில் அமர்ந்திருந்தவரோ சற்றும் மருளவில்லை. இவற்றைப் படித்ததனால் பெரும்பயன் என்ன என்பது போல் இருந்தார். பின்னர், இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்தப் பழைய நூல்கள் யாவை என்று புலவர் எண்ணத் தொடங்குமுன் அவரே பெயர்களைச் சொன்னார்: சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம்.

படித்ததில்லை. அந்நூல்கள் கைக்கு எட்டியதுமில்லை. கிடைத்தால் படிக்க இயலும் என்று மட்டும் புலவர் விடை கூறினார். அவ்விடையில் சற்றே செருக்கும் இருந்தது. செருக்கைத் தாங்கி நிற்கும் துணிவும் இருந்தது. பின்னர், சிந்தாமணியின் கையெழுத்துப் படி ஒன்றை நடுவர் அவர் கையில் கொடுத்தார். கொடுத்தவர் தேர்வு வைக்கும் நோக்கத்தோடு கொடுக்கவில்லை. அந்நூலைத் தாம் பாடங் கேட்டறிய வேண்டும் என்னும் நெடுநாள் வேட்கையோடு கொடுத்தார். நடுவர் மாணவராக அமர்ந்தார். ஆசிரியராக எதிரில் அமர்ந்தவரோ, அந்நூலை அப்பொழுதுதான் முதன்முதலாகத் திறக்கின்ற மற்றொரு மாணவர்!

இங்கே சற்று நின்று ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழிலக்கியத்தின் உயர்வு பற்றி இராமசாமி முதலியார் அன்று சொற்பொழிவு ஒன்றும் ஆற்றவில்லை. மூன்று நூற்பெயர்களைச் சொன்னார். ஒரு படியைக் கொடுத்தார். அவ்வளவே. நூறு புகழுரைகள் செய்யமாட்டாத வினையை அவை செய்தன. படித்தவர் என்று தம்மை எண்ணியிருந்த ஒருவருக்கு, அவர் படியாத பரப்பு எவ்வளவு என்பதை அவை காட்டின.

அப்பரப்பு ஏன் அங்ஙனம் மறைந்து கிடந்தது என்பதும் அறியத்தக்கதே. மடங்களில் பாடஞ் சொல்லும் முறையொன்று நிலைத்திருந்தது. அதில் சமயநூலும் சிற்றிலக்கியமும் இலக்கணமும் நிரம்பியிருந்தன. சமண, புத்த நூல்கள் சிவனியக் கல்விக் கூடத்துள் எளிதில் நுழையவில்லை. இவற்றினும் வலிய கரணியம் ஓலையே. பனையோலை அழியாப் பொருளன்று. புழுவும் செல்லும் ஈரமும் அதனை அரிக்கும். சில தலைமுறைக்கு ஒருமுறையேனும் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினாலன்றி நூல் பிழைக்காது. பாடஞ் சொல்லப்படும் நூலைத்தான் பெயர்த்தெழுதுவர். படிப்பாரற்ற நூலை யார் எழுதுவார்? ஒரு நூலை ஒரு தலைமுறை படியாதொழிந்தால், அடுத்த தலைமுறைக்கு அந்நூல் இல்லாமலே போகக்கூடும். படியாமை அந்நாளில் சோம்பல் மட்டுமன்று, கொலையுமாகும்.

சிந்தாமணிக்கு அந்த அளவு கேடு நேரவில்லை. நாமகள் இலம்பகம் என்னும் முதற் பகுதியை பௌவர் என்னும் குருமார் 1868-ஆம் ஆண்டிலேயே அச்சிட்டிருந்தார். ஆங்கிலக் கல்லூரி வழியே வந்தவர்க்கு அந்நூற்பெயர் பழகியிருக்க, பெரும்புலவரிடம் நேரே பயின்றவர்க்கு அது புதிதாயிருந்த விந்தை இதனாலும் நேர்ந்தது. ஆயினும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் நச்சினார்க்கினியர் உரையும் சேர்ந்த முழுநூல் அச்சில் இல்லை.

பாடம் தொடங்கியது. தொடங்கிய சில நாள்களிலேயே, தமிழ் தெரியும் என்பது வேறு, இந்நூல் விளங்கும் என்பது வேறு என்று தெரிந்துபோயிற்று. சொற்கள் தமிழாகவே இருந்தன. அவை சுட்டும் சமணக் கோட்பாடுகளோ சிவனிய மரபில் வளர்ந்தவர்க்கு முற்றும் புதியவை. உரையாசிரியரும் அவற்றைத் தெரிந்தவர்க்குச் சொல்வது போலவே சுருக்கமாகச் சொல்லிச் செல்கின்றார். அறிந்தோரைத் தேடியபோது, அந்தக் குடந்தை நகரிலேயே சமணக் குடும்பங்கள் வாழ்ந்துவருதல் தெரியவந்தது. ஒரு நண்பர் அவரை அத்தெருவுக்கு அழைத்துச் சென்றார். ஒரு வீட்டு வாயிலில் தோரணம் கட்டியிருந்தது, வீட்டினுள் விழாக்கோலம். என்ன விழா என்று கேட்டால், சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து வந்து அன்று நிறைவு செய்கின்றனர் என்னும் விடை கிடைத்தது!

கல்லூரித் தமிழாசிரியர் பெயரளவிலும் நன்கறியாத பெருங்காப்பியத்தை, அதே ஊரில், சில தெருக்களுக்கு அப்பால், இல்லறத்தார் கூடியிருந்து ஓதிக் கேட்டு விழாவெடுத்து வந்திருக்கின்றனர். இதனினும் கூரிய பாடம் எந்த மாணவனுக்குக் கிடைக்கும்? சாமிநாதர் அவர்களிடம் சென்று அமர்ந்தார். தம் ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். சமணநெறிச் செய்திகளை அவர்களிடமே கற்றார். தாம் பிறந்த குலமும், தம் ஆசிரியர் பெயரும், தாம் வகித்த பொறுப்பும் அவ்விடத்தில் அவருக்குத் தடையாக நிற்கவில்லை. அவர் மாணவராகிவிட்டார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அதன்பின் ஏடுகளோடு நேர்ந்த போராட்டத்தைச் சிறிதேனும் கூறாமல் விட்டால் இன்றைய மாணவர்க்கு அதன் அருமை புலப்படாது. அச்சுநூலில் கண்ணை ஓட்டிப் பழகியவர் ஓலைச்சுவடியைப் பிரித்தால் முதற்பார்வையில் திகைப்பர். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்று காட்ட வரியிடையே வெளி இராது. ‘கொல்’ என்பதா, ‘கோல்’ என்பதா, அன்றி வேறொரு சொல்லா என்பதைப் பொருள் கண்டே துணிதல் வேண்டும். பொருளோ, சொல்லைத் துணிந்த பின்னரே விளங்கும்! இச்சுழலில் ஒவ்வோரடியாகக் கால் ஊன்றி நடந்தார் அவ்விளைஞர். ஒரு படியில் சிதைந்ததை மற்றொரு படியால் நிரப்ப வேண்டி, ஊரூராகச் சென்று சுவடி தேடினார். தென்பாண்டி நாட்டுத் திருக்கோயில் ஒன்றில், பழைய ஏடுகளை வேள்வித் தீயில் இட்டுவிட்டோம் என்னும் விடையே அவருக்குக் கிடைத்தது. அத்தீயில் எந்தெந்த நூல் வெந்ததோ, யாரறிவார்!

நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சுட்டாமல் எடுத்துக்காட்டும் பழைய அடிகள் அவருக்குப் பெரும் புதிராயிருந்தன. அவை எந்நூலின் அடிகள்? அத்தாய்நூல்கள் எங்கே? அவ்வினாக்களை ஏந்தித் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையே தேடியபோதுதான் தொகைநூல்களும் பாட்டுகளும் அவர் கண்ணிற் பட்டன. ஆண்டுக்கணக்கில் அவர் நடமாடிய மடம் அது! நூல்கள் அருகிலேயே இருந்தன. கேட்பதற்கு வினா இல்லாத வரையில் அவை அவருக்கு வெற்றோலைகளே.

சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. நடுவரின் வினாவுக்கும் நூலின் வெளியீட்டுக்கும் இடையே ஏழாண்டுகள். அவ்வாண்டிலேயே ஈழத்துப் பெருமகனார் சி.வை. தாமோதரனார் கலித்தொகையை வெளியிட்டார். தொல்காப்பியப் பகுதிகளை அதற்கு முன்னரே அச்சேற்றியவர் அவர். அப்பெருந்தொண்டு இன்னும் விரிவாகப் பேசப்பெறுதல் வேண்டும். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் சாமிநாதர் பதிப்பாக வந்தன. ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல் எனத் தொடர்ந்தன. குறுந்தொகையை அவர் வெளியிட்டது 1937-இல். அப்பொழுது அகவை எண்பத்திரண்டு.

இவ்விடத்தில் அன்பர் சிலர் உள்ளத்தில் ஒரு முணுமுணுப்பு எழலாம். சாமிநாதரின் உரைநடை வடசொல் விரவியது. தனித்தமிழ்க் கொள்கையை அவர் ஏற்றவருமல்லர். உண்மைதான். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் தனித்தமிழ்ச் சொல்லுக்கு வேர் தேடுகின்றவன் புறநானூற்றைப் பிரிக்கும்போது, அதன் ஏடுகளைப் பிரித்துத் தந்த கை எவருடையது என்பதை மறத்தல் நன்றியன்று. கொள்கை வேறுபாட்டைச் சொல்லும் வாய் கடப்பாட்டையும் சொல்லுதல் வேண்டும்.

அந்நூல்கள் அச்சில் வந்ததனால் விளைந்தது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நாகையில் வேதாசலம் என்னும் சிறுவர் ஒருவர் வளர்ந்து வந்தார். பிறந்தது 1876. தந்தையார் மறைவால் பள்ளிப் படிப்பு ஒன்பதாம் வகுப்பளவில் நின்றது. நூல் விற்கும் கடை வைத்திருந்த நாராயணசாமியார் என்னும் புலவரிடம் தமிழ் பயின்றார். பத்துப்பாட்டு அச்சில் வந்தபோது அவருக்குப் பதின்மூன்று அகவை. 1898-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். பரிதிமாற் கலைஞர் தமிழ்ப் பணியாற்றிய கல்லூரி அது. அங்கே பயின்ற மாணவர்க்கு முல்லைப்பாட்டு பாடமாக வந்தது. அவர்கள் பொருட்டு 1903-இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையையும், மூன்றாண்டு கழித்துப் பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையையும் அவர் எழுதி வெளியிட்டார். 1916-இல் தனித்தமிழ் இயக்கந் தோற்றுவித்து மறைமலையடிகள் ஆனவர் அவரே என்பது இம்மன்றத்தார்க்குச் சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் அடிகளைப் பற்றிப் பேசுவோர் பலரும் 1916-இல் தொடங்குகின்றனர். 1903-இல் தொடங்குதல் வேண்டும். முல்லைப்பாட்டைக் கையில் எடுத்த அவ்விளைஞர் செய்தது என்ன? அதனைப் புகழ்ந்து விட்டுவிடவில்லை. அடியடியாகப் படித்தார். நச்சினார்க்கினியர் ஓரிடத்து அடியை வேறோரிடத்து அடியோடு கூட்டிப் பொருள் உரைத்திருத்தலைக் கண்டார். அங்ஙனம் அடிகளைப் பிரித்துப் பிணைத்தல் பாட்டின் இயல்பான ஓட்டத்தைக் குலைக்கின்றது என்று துணிந்து எழுதினார். பலநூற்றாண்டாகத் தலைவணங்கப்பெற்ற உரையாசிரியரோடு, இருபத்தேழு அகவையினர் ஒருவர் பாட்டையே சான்றாக வைத்து வழக்காடினார். பழநூலின் உயர்வை உணர்ந்த மாணவனின் மறுமொழி இங்ஙனமும் அமையும். வணக்கமும் வழக்காடலும் அவரிடம் ஒருங்கே இருந்தன.

அம்முல்லைப்பாட்டு எத்தகையது? பத்துப்பாட்டுள் மிகச் சிறியது, அடிகள் நூற்றுமூன்றே. பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். மழை பெய்த மாலைப்பொழுது. போர்மேற் சென்ற அரசன் மீளவில்லை. அரண்மனைப் பெண்டிருள் முதியோர் சிலர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லைமலரும் தூவித் தொழுது, நற்சொல் கேட்க நிற்கின்றனர். அவர்கள் காதில் விழுவது கோவிலோசையன்று; முனிவர் மொழியுமன்று. குளிரால் நடுங்கித் தோள்மேல் கைகளைக் கட்டி நிற்கும் ஓர் இடைப்பெண், தாயைக் காணாது வருந்தும் கன்றுகளிடம், தாய்மார் இதோ வந்துவிடுவர் என்று சொல்லிக் கொண்டிருக்கின்றாள். அந்தச் சொல்லே அரசிக்கு நற்சொல்லாகின்றது. நாடாளும் குடியின் துயரை ஆற்ற, கன்று மேய்ப்பவளின் சொல் வேண்டியிருக்கின்றது!

அடுத்துப் பாட்டு பாசறைக்குச் செல்கின்றது. நாழிகைக் கணக்கர் பொழுது சொல்கின்றனர். யவனர் காவல் புரிகின்றனர். அரசன் உறங்கவில்லை. வெற்றியை எண்ணியா? இல்லை. வேல்பட்ட புண்ணால் பிடியை மறந்த களிறுகளையும், துதிக்கை அறுந்து வீழ்ந்த யானைகளையும், தனக்காக உயிர்விட்ட மறவர்களையும், அம்பு தைத்தமையால் செவி சாய்த்துத் தீனி கொள்ளாது நிற்கும் குதிரைகளையும் எண்ணி எண்ணி ஒரு கையைப் படுக்கைமேல் ஊன்றி விழித்திருக்கின்றான். ‘வீரம் விளைந்த தமிழ்மண்’ என்று மேடையில் முழங்குவோர் இந்தக் குதிரையைக் கண்டதுண்டா? தமிழரின் மறம் இன்னது என்று அறிய விரும்புவோன் வாளை மட்டும் பார்த்தால் போதாது. உணவு கொள்ளாத அக்குதிரையை நினைத்து உறங்காத அரசனையும் பார்த்தல் வேண்டும்.

அதே பாசறையில் இன்னொன்றும் உண்டு. தீனி கொள்ள மறுக்கும் யானையிடம், பாகராகிய இளைஞர், அது பழகிய வடமொழிச் சொற்களைப் பலகாற் சொல்லி உண்பிக்க முயல்கின்றனர். ஆம், சங்கப் பாட்டினுள்ளேயே, தமிழரசன் பாசறையிலேயே அது நிகழ்கின்றது. புகழுரை மட்டும் படித்தவனுக்கு இது தெரியாது, தெரிந்தால் மருள்வான். எதிரி இதனை எடுத்துக் காட்டும் நாளில் வாயடைத்து நிற்பான். பாட்டையே படித்தவனோ அமைதியாக விடை சொல்வான்: யானைக்குப் பழக்கிய கட்டளைச் சொல் வடமொழியாயிருந்தது; அதனைப் புலவர் கண்டார்; கண்டதைக் கண்டவாறே பாடினார். அச்செய்தியைப் பாடிய பாட்டு எம்மொழியில் நிற்கின்றது என்பதையும் அவன் காட்டுவான். உண்மைக்கு அஞ்சாமை படித்தவனுக்கே வரும்.

இளையீர்! இந்நாளில் ஓலை பிரிக்க வேண்டுவதில்லை. செல்லரித்த ஏட்டுக்காக மாட்டுவண்டியில் ஊரூராக அலைய வேண்டுவதில்லை. சங்கநூல்கள் மலிவான பதிப்புகளாகவும் கிடைக்கின்றன; கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் காசின்றியே கிடைக்கின்றன. சாமிநாதர் ஓர் அடிக்காக மூன்று திங்கள் காத்திருக்கக் கூடும். இன்றைய மாணவன் மூன்று நொடி காத்தாற் போதும். நூல் கிடைக்கவில்லை என்று 1880-இல் ஒருவர் சொன்னார். அவ்விடை இன்று எவர்க்கும் இல்லை. கடினம் என்பது மட்டும் எஞ்சியிருக்கின்றது. கடினந்தான். முல்லைப்பாட்டின் முதல் இருபது அடி எவர்க்கும் எளிதில் விளங்கா. அகராதி வேண்டும், உரை வேண்டும், அருகில் அமர்ந்து சொல்லித் தர ஒருவர் வேண்டும். சிந்தாமணிக்குக் குடந்தைச் சமணர் போல, இந்நாளிலும் அறிந்தோர் இருக்கின்றனர். சில தெருக்களுக்கு அப்பால்தான் இருக்கின்றனர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இல்லாத ஊர் உண்டா? அவர் வீட்டுக் கதவைத் தட்டிய மாணவர் எத்துணையர்?

அடுத்த கிழமை இதே இடத்தில், மாலை ஐந்து மணிக்கு, முல்லைப்பாட்டு முழுமையும் படிக்கப்பெறும். முதலில் மூலம் மட்டும், உரையின்றி, நூற்றுமூன்று அடியும் வாய்விட்டுப் படிக்கப்பெறும். பின்னர் நச்சினார்க்கினியர் உரையும் அடிகளார் ஆராய்ச்சியும் அருகருகே வைத்து ஆராயப்பெறும். யார் கூறுவது பொருத்தம் என்பதை வந்திருப்போரே துணியலாம். சொற்பொழிவு இராது. வருவோர் நூலும், எழுதுவதற்குத் தாளும் கோலும் கொண்டு வருக.